வக்காலத்தில் கைநாட்டு வைக்கும் முன்

கிராமத்தில் ‘ராஜி’ என்றால் என்ன அர்த்தம் என்பது நமக்குத் தெரியும். ஊர்க்காரர்கள் சொல்வார்கள், காலனிக்காரர் தலையாட்ட வேண்டும். அதற்குப் பயந்துதான் நம் மக்கள் கோர்ட்டுக்கே வருகிறார்கள். கோர்ட்டிலும் அவர்களைக் கேட்காமலே ராஜி நடந்தால் எங்கே போவது?

சமூகப் பணியாளர்களாக நாங்கள் உடன் நின்ற ஒரு நில வழக்கு. அந்த அம்மா ஒன்பது வருடம் வாய்தாவுக்கு அலைந்தார். ஒருநாள் வக்கீலின் குமாஸ்தா, “கேஸு ராஜியாயிடுச்சும்மா, பணம் வரும்” என்றார். “நான் எப்ப சார் ஒத்துக்கிட்டேன்?” என்று கேட்டார் அந்த அம்மா. முதல் நாளே வக்காலத்தில் கைநாட்டு வாங்கியிருந்தார்கள். அச்சடித்த தாளில் ‘சமரசம் செய்துகொள்ளவும்’ என்று ஒரு வரி. யாரும் அதைப் படித்துக் காட்டவில்லை.

1976 திருத்தத்துக்குப் பிறகு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 23, விதி 3 படி, சமரசம் எழுத்தில் இருக்க வேண்டும். வழக்கின் தரப்பினர் கையெழுத்திட வேண்டும். அதிகாரம் பெற்ற வக்கீலும் அவர்களுக்காகக் கையெழுத்திடலாம் என்று 1991இல் பைராம் பெஸ்டன்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்சிக்காரர் தெளிவாக அதிகாரம் தராமல் அவருடைய உரிமையை வக்கீல் விட்டுக்கொடுக்க முடியாது என்று 2015இல் ஹிமாலயன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் சொன்னது. ஆக, எல்லாம் அந்த அச்சடித்த வரியில் வந்து நிற்கிறது.

ராஜியை எதிர்த்துத் தனி வழக்கும் போட முடியாது. விதி 3ஏ தடுக்கிறது. தீர்ப்பு தந்த அதே கோர்ட்டில்தான் மனுப் போட வேண்டும். அந்த அம்மாவின் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. லோக் அதாலத்தில் முடிந்துவிட்டால் மேல்முறையீடே கிடையாது.

எல்லா ராஜியும் மோசம் என்று நாங்கள் சொல்லவில்லை. பத்து வருடம் அலைவதைவிட ராஜி நல்லது என்று ஒருவர் நினைக்கலாம். அந்த முடிவு அவருடையதாக இருக்க வேண்டும். நியாயமாக நடக்கும் வக்கீல் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

தோழர்களே, யாரோடு கோர்ட்டுக்குப் போனாலும் வக்காலத்தை முழுதாகப் படித்துக் காட்டுங்கள். சமரச வரியை அடிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ‘என் எழுத்துபூர்வ சம்மதத்துடன் மட்டும்’ என்று சேர்க்கச் சொல்லுங்கள். நகல் வாங்குங்கள். பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. வக்கீல் இலவசமாக வந்தாலும் இந்தக் கேள்விகளைக் கேட்கத் தயங்காதீர்கள்.