எந்தக் கையில் கோல்?

சென்ற மே மாத விடுமுறையில் அந்தமானுக்குக் கப்பலேறினேன். இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியுள்ள போர்ட் பிளேர்தான் என் ஊர். மேடும் பள்ளமுமான ஊர். மழைக்காலத்தில் படியெல்லாம் பாசி படரும். அந்தப் பாசியில் வழுக்கி விழுந்துதான் என் தாத்தாவுக்கு வலத் தொடையெலும்பு இடுப்பருகே முறிந்தது.

சாத்தம் மர ஆலையில் உழைத்து உரமேறிய உடல் அது. அறுவை சிகிச்சை முடிந்து, வாக்கரைப் பிடித்து நடக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் போனபோது வாக்கரில் பாட்டியின் ஈரச்சேலை காய்ந்துகொண்டிருந்தது! தாத்தாவோ கட்டிலில் கிடந்தார்.

"வலிக்குதடா" என்றார்.

"வலித்தால் நடக்க வேண்டாம் தாத்தா, படுத்திருங்கள்" என்றேன். அன்பினால் சொன்னேன், அறிவினால் அன்று. இரண்டே வாரத்தில் தொடை மெலிந்தது. கட்டிலை விட்டு எழவே இருவர் தாங்க வேண்டியதாயிற்று. அந்தக் குற்றம் என்னுடையது.

பயந்துபோய் இயன்முறை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அந்த அம்மையார் பொறுமையாக விளக்கினார்: "ஐயா, நடந்தபின் சற்று நேரத்தில் அடங்கும் வலிக்கு அஞ்ச வேண்டாம். நாளுக்கு நாள் ஏறினாலோ, கால் வீங்கினாலோ உடனே வாருங்கள். வலி வாசல் நாய் மாதிரி. குரைப்பதெல்லாம் திருடனைக் கண்டல்ல. ஆனால் நாயே இல்லாத வீடும் ஆபத்துதான்."

பின்னாளில் படித்தபோதுதான் அதன் முழுப்பொருள் விளங்கியது. 1946 முதல் வேலூரில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் கைகால்கள் அழிவதற்கு வலியுணர்வு போய்விடுவதே பெருங்காரணம் என்று காட்டினார்.

வலி குறைய மருந்தும், நாள்தோறும் பயிற்சியும் தொடர்ந்தன. வாக்கரிலிருந்து கோலுக்கு மாறும் நாள் வந்தது. படாக் மரத்தில் கடைந்த கோலைத் தாத்தா வலக்கையில் பிடித்தார். அம்மையார் அதை இடக்கைக்கு மாற்றினார். நோவுள்ள காலில் நிற்கும்போது, உடல் சாயாமலிருக்க அந்தப் பக்கத்து இடுப்புத் தசை இழுத்துப் பிடிக்கிறது. எதிர்க்கையில் கோல் ஊன்றினால் அந்தப் பளுவில் அது பங்கு கொள்ளும். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு மட்டத்துக்கு வரும்படி கோலை அறுத்து, அடியில் புது ரப்பரும் மாட்டினோம். ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோவுள்ள கால் முன்னே என்பது பாடம்.

"என்னைக் கிழவனாக்கிவிட்டீர்களே!" என்று தாத்தா முகம் சுளித்தார். மருத்துவர் மேரி வர்கீஸின் கதையைச் சொன்னேன். 1954இல் விபத்தில் இரு கால்களும் செயலிழந்தபின், வேலூரில் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை செய்தவர் அவர். அங்கே 1966இல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட முன்னின்றவரும் அவரே.

"உட்கார்ந்துகொண்டே கத்தி பிடித்தாளா அந்த அம்மா?" என்று கேட்டுவிட்டுத் தாத்தா மௌனமானார். மறுநாள் காலை, "கோல் எங்கே?" என்ற குரல் கேட்டுத்தான் விழித்தேன்.

நண்பர்களே, வீட்டுப் பெரியவர்களிடம் "படுத்திருங்கள்" என்று சொல்லுமுன், மருத்துவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

நான் கப்பலேறிய அன்று தாத்தா துறைமுக வாயில்வரை வந்தார். கோல் இடக்கையில் இருந்தது. வலக்கையை உயர்த்தி எனக்கு விடைகொடுத்தார்.