ஹாரோவில் ஒரு சங்கரன்கோவில் அண்ணாச்சி

சங்கரன்கோவில் தறிக்காரத் தெருவில் கரண்ட் போனால்தான் ஆட்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். தறிச் சத்தம் யார் காதிலும் விழாது; அது நின்றால்தான் உறைக்கும். அந்தத் தெருவிலேயே பிறந்து, அங்கேயே பேரன் பேத்தி எடுத்த அண்ணாச்சிக்கு, மகன் வீடு இருக்கும் லண்டன் ஹாரோவில் முதல் வாரம் தூக்கம் பிடிக்கவில்லை. விமானக் களைப்பு என்றான் மகன். “களைப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. இப்படி சத்தமே இல்லாம எப்படில தூங்க?” என்றார் அவர்.

லண்டனின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது ஹாரோ. மாநகரத்தில் உள்ள 32 பரோக்களில் ஒன்று. நம்மூர்க் கணக்கில் தனிக் கவுன்சில் உள்ள ஒரு நகராட்சி மாதிரி. 1905இல் நேரு படிக்க வந்த பள்ளிக்கூடம் இங்கே குன்றின் மேல் இருக்கிறது. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 2.61 லட்சம். அதில் நாலில் ஒருவருக்கு மேல் இந்துக்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்தளவு விகிதம் வேறெங்கும் இல்லை. குஜராத்திகள்தான் அதிகம். ஈழத்தமிழர்களும் கணிசமாக இருக்கிறார்கள்.

தெரு முழுக்க ஒரே சாயல் வீடுகள். ஒரு சுவரைப் பொதுவில் வைத்து இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டியவை. முன்னால் வெளியே பிதுங்கிய ஜன்னல், இடுப்பளவு வேலிச்செடி, நடைபாதையில் வரிசையாக மரம். “காட்டை அழிக்காம நடுவுல வீடு கட்டிருக்கான் பாரு” என்று அண்ணாச்சி மெச்சிக்கொண்டார்.

நடந்தது வேறு. 1880இல் மெட்ரோபாலிட்டன் ரயில் வந்தபோது இந்தப் பக்கம் பெரும்பாலும் வயலும் புல்வெளியும்தான். தண்டவாளத்துக்குப் போக மிஞ்சிய நிலத்தை மற்ற ரயில் கம்பெனிகள் விற்றாக வேண்டியிருந்தது. இந்தக் கம்பெனி மட்டும் அதைக் கையில் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருந்தது. 1919இல் அதற்கென்றே ஒரு மனைத்தொழில் நிறுவனம் தொடங்கினார்கள். ‘மெட்ரோ-லேண்ட்’ என்று வருஷாவருஷம் புத்தகம் போட்டு, தோட்டத்தோடு வீடு, நகரத்துக்கு ரயில் என்று ஆசை காட்டினார்கள். ரேனர்ஸ் லேன் நிறுத்தம் 1906இல் வந்தபோது சுற்றிலும் வெட்டவெளி. அங்கே அடிக்கும் குளிர்காற்றுக்குப் பயந்து பயணிகள் அதற்கு ‘நிமோனியா ஜங்ஷன்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1930களில் அதே இடத்தில் வீடுகள் வரிசை வரிசையாக முளைத்தன. தெருமரங்களும் வேலிச்செடிகளும் அவற்றோடு நட்டு வளர்த்தவை. அன்று சில நூறு பவுண்டுக்குப் போன வீடு இன்று ஐந்து லட்சத்துக்குக் குறைந்து கிடைப்பது அபூர்வம்.

விருதுநகர்–தென்காசிப் பாதை திறந்து சங்கரன்கோவிலுக்கு ரயில் வந்ததும் ஏறக்குறைய அதே காலம், 1927இல். நம்மூரில் மரத்தைக் காட்டி வீடு விற்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணாச்சியோடு வந்திருந்த மதினிக்குக் கவலை வேறு. கோடை முடிவதற்குள் கூழ்வத்தல் போட்டுவிட வேண்டும். பின்கட்டுப் புல்தரையில் வேட்டியை விரித்துப் பிழிந்தும் ஆயிற்று. பத்து மணிக்கெல்லாம் பக்கத்து வீட்டு ஓக் மரத்தின் நிழல் வத்தல் மேல் ஏறிவிட்டது. “அந்த ஒரு கொப்பை மட்டும் வெட்டச் சொல்லேன்” என்றார் மகனிடம். அது பாதுகாப்பு உத்தரவு பெற்ற மரம்; சொந்தக்காரரே கொப்பை வெட்டுவதானாலும் கவுன்சிலிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். மீறினால் வழக்கு, அபராதம். பழமை காக்கும் பகுதி என்று அறிவித்த தெருக்களில், உத்தரவு இல்லாத மரத்தைத் தொடுவதற்கும் ஆறு வாரம் முன்னால் தகவல் சொல்ல வேண்டும். வத்தல் தட்டு தட்டாக மாடி ஜன்னலுக்கு இடம் மாறியது.

பச்சைக்குச் செலவும் உண்டு. 1991 ஏப்ரல் நிலவரப்படி வீட்டின் மதிப்பைப் பார்த்து ‘ஏ’ முதல் ‘எச்’ வரை பிரித்துக் கவுன்சில் வரி போடுகிறார்கள். நடுத்தரமான ‘டி’ பிரிவுக்கே வருஷம் 2,000 பவுண்டுக்கு மேல். அது போக, தோட்டக் குப்பைக்கென்று இருக்கும் பழுப்புத் தொட்டிக்குத் தனிக் கட்டணம். “இலை அள்ளுததுக்கும் துட்டால?” என்று அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்விதான்.

ஆனால் பகலில் இந்தத் தெரு பெரியவர்களுக்கு ஆகாது. காலை ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பிவிட்டால் தபால்காரரைத் தவிர வாசலில் ஆள் கிடையாது. உட்காரத் திண்ணை இல்லை. முக்குக்கு முக்கு டீக்கடையும் இல்லை. வீடு மட்டுமே இருக்கும் தெருவாகத் திட்டமிட்டுக் கட்டினால் இப்படித்தான் ஆகும்.

அண்ணாச்சியைக் காப்பாற்றியது ரேனர்ஸ் லேன் கடைவீதி. முருங்கைக்காயும் ஒடியல் மாவும் விற்கும் ஈழத்தமிழர் கடையில் “வாங்கோ ஐயா, இருங்கோ” என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார்கள். பக்கத்திலேயே 1936இல் கட்டிய பழைய தியேட்டர். இப்போது பார்சிகளின் ஜொராஸ்ட்ரியன் மையம். அதன் முகப்பில் மேலிருந்து கீழே இறங்குகிறது யானைத் தும்பிக்கை போல ஒரு கான்கிரீட் தூண். சங்கரநாராயணர் கோவில் யானை கோமதியை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, தினமும் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் கடைக்குள் போவார்.

ஹாரோவின் அமைதியை நாம் கொண்டுவர வேண்டியதில்லை. ஆடித்தபசு நடக்கும் ஊருக்கு அது பொருந்தவும் பொருந்தாது. மரத்துக்கு இருக்கும் காவலை மட்டும் கொண்டுவரலாம். பொது இடத்து மரத்தை வெட்டுவதானால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்ற ஏற்பாடு 2021 முதல் தமிழகத்திலும் இருக்கிறது. தென்காசி மாவட்டத்துக்கும் அது உண்டு. சங்கரன்கோவில் நகராட்சி ஒவ்வொரு வார்டிலும் நிற்கும் வேம்புக்கும் புங்கனுக்கும் எண் போட்டு, பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். அடுத்த முறை ரோட்டை அகலப்படுத்த ஆள் வரும்போது, எந்த மரத்துக்கு யாரிடம் கேட்டீர்கள் என்று தெருக்காரர்கள் கேட்க அது உதவும்.