கூகைக்குப் பெட்டி, இருவாட்சிக்குக் காடு

சிரம்பானிலிருந்து கோலா கிளாவாங் போகிறவர்கள் புக்கிட் தங்கா மலைப்பாதை வந்ததும் காரின் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். வானொலியையும் அணைத்துவிடுங்கள். வானொலியில் பேசிச் சம்பளம் வாங்கும் நானே இதைச் சொல்கிறேன். ஜெராம் தோய் அருவிப் பக்கம், அதிர்ஷ்டம் இருந்தால், பழைய நீராவி ரயில் மூச்சு வாங்குவதுபோல் ஓர் ஓசை மரங்களுக்கு மேலே கடந்து போகும். நிமிர்ந்து பார்த்தால் இருவாட்சி. அந்த ஓசை தொண்டையிலிருந்து வருவதல்ல. அதன் பெரிய இறக்கைகள் காற்றைத் தள்ளும் சத்தம்.

மலை இறங்கினால் ஜெலுபு மாவட்டத்தின் தலைப்பட்டணமான கோலா கிளாவாங். பழைய கடை வரிசை, மினாங்கபாவ் மரபைச் சொல்லும் அடாட் அருங்காட்சியகம், ஊரைத் தாண்டினால் தோட்டங்கள். கித்தா மரம் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. லயன் வீடுகளில் பிறந்தவர்கள் பலர் சிரம்பான், நீலாய் தாமான்களுக்குக் குடிபோய்விட்டார்கள். போகும்போது தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்டார்கள். பறவைகளின் பெயர்களை எடுத்துப் போனார்களா?

பேச்சுவாக்கில் இந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். “சாவுக்குருவி கத்துனா எங்கம்மா வாசல்ல நின்னு திட்டித் தீர்ப்பாங்க. இப்ப அதுக்குத் தோட்டத்துக்காரனே பெட்டி செஞ்சு கம்பத்துல மாட்டி வைக்கிறான் தம்பி” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஒரு முழுப் பாடம் அதில் இருக்கிறது.

அவர் சொன்ன சாவுக்குருவி, நூல்களில் கூகை. இதய வடிவில் வெள்ளை முகம், இரவில் கிறீச்சிடும் குரல். செம்பனைப் பழத்தை எலி கொறிக்கும். எலியைக் கூகை பிடிக்கும். ஒரு சோடி தன் குஞ்சுகளோடு சேர்ந்து ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தீர்த்துவிடும். ஆனால் கூகைக்குக் கூடு கட்டத் தெரியாது. மரப்பொந்து வேண்டும், செம்பனையிலோ பொந்து இல்லை. அதனால்தான் தோட்டங்களில் பெட்டி வைக்கிறார்கள். பெட்டி வைத்த தோட்டத்திலேயே கடுமையான எலி விஷத்தையும் போட்டால் கதை கெட்டது. விஷம் தின்ற எலியைத் தின்று கூகையும் சாகும்.

இருவாட்சிக்கும் பொந்துதான் வீடு. பெண் பறவை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு சிறு பிளவு வழியாக ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்டும். அத்தனை பெரிய பறவை உட்கார இடம் தரும் பொந்து, மிகப் பெரிய, வயதான காட்டு மரத்தில்தான் கிடைக்கும். தீபகற்ப மலேசியாவில் 10 வகை இருவாட்சிகள் உண்டு. பெரும்பாலானவற்றுக்குச் செம்பனைத் தோப்பு வெறும் பாலைவனம்.

பெரிய மரம் என்றால் என்ன என்று அறிய ஜெலுபு மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. சிம்பாங் பெர்தாங் அருகே பாசோ வனக்காப்பகம் இருக்கிறது. 1970-களிலிருந்தே உலக விஞ்ஞானிகள் வந்துபோகும் இடம். 1980-களில் அங்கே 50 ஹெக்டர் நிலத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள கன்று வரை எண்ணிட்டுப் பெயர் எழுதினார்கள். 3 லட்சத்துக்கும் அதிகமான மரங்கள், 800-க்கும் மேற்பட்ட வகைகள்! காட்டின் பெரும்பகுதியைச் சுற்றிச் செம்பனை. உதிர்ந்த பழத்தைத் தின்று காட்டுப்பன்றிகள் பெருகின. அவை குட்டி போடும் முன் இளங்கன்றுகளை ஒடித்துப் படுக்கை அமைக்கும். நூறு வருடம் கழித்து இருவாட்சி தங்க வேண்டிய மரம் இன்று பன்றிக்கு மெத்தை. தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவே வேலி போட்டாலும் கணக்கு தனியாகப் பிரியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பாசோ ஆய்வுக்கூடம். பத்து வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லித் தருவது யார்? அதற்கு ஒரு நல்ல முன்மாதிரி போர்ட்டிக்சன் பக்கம் இருக்கிறது. தஞ்சோங் துவான், வரைபடத்தில் மலாக்காவுக்குச் சொந்தம், மூன்று பக்கமும் கடல், ஒட்டியிருக்கும் நிலம் நெகிரி செம்பிலான். மார்ச் மாதம் தேன்பருந்துகள் சுமத்ராவிலிருந்து வடக்கே தாய்நிலம் திரும்புகின்றன. கடல்மேல் வெப்பக்காற்று மேலெழாது, சிறகை விரித்து மிதக்க முடியாது. ஆகவே ரூப்பாட் தீவிலிருந்து நீரிணை குறுகிய இடமாகப் பார்த்து ஏறக்குறைய 38 கிலோமீட்டரைக் கடக்கின்றன. களைத்து, தாழப் பறந்து, கலங்கரை விளக்கத்துக்கு மேலே வந்து சேரும்போது வெறுங்கண்ணுக்கே தெரியும். 2000-ஆம் ஆண்டு முதல் மலேசிய இயற்கைச் சங்கம் இதை ஒரு விழாவாகவே நடத்தி வருகிறது. தொண்டர்கள் பருந்துகளை எண்ணுகிறார்கள், பிள்ளைகள் தொலைநோக்கிக்கு வரிசை நிற்கிறார்கள். இதே சங்கத்தின் முயற்சியில் 1987-இல் உருவானது கோலா சிலாங்கூர் இயற்கைப் பூங்கா. வருடம் முழுக்க நடைபாதை, பறவை பார்க்கும் மறைவிடம், பள்ளிப் பிள்ளைகள்.

விழா நல்லதுதான். எனக்கென்னவோ, வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பதைவிட மாதாமாதம் பார்க்கிற இடம்தான் பிள்ளையை மாற்றும் என்று தோன்றுகிறது. கோலா கிளாவாங்கில் அப்படியோர் இடம் தொடங்கப் பெரிய கட்டடம் வேண்டாம். பூட்டிக் கிடக்கும் ஒரு லயன் வீடு, இரண்டு தொலைநோக்கி, ஒரு நோட்டுப் புத்தகம், தோட்ட நிர்வாகத்தின் அனுமதி போதும். எந்தப் பெட்டியில் கூகை தங்கியிருக்கிறது என்று பிள்ளைகள் மாதம் ஒருமுறை எழுதலாம். பெட்டிக்கு அடியில் கூகை கக்கிய உருண்டைகள் கிடக்கும். கையுறை போட்டுப் பிரித்தால் உள்ளே எலியின் மண்டையோடும் பற்களும். இதைவிடச் சுவையான அறிவியல் வகுப்பு உண்டா? வகுப்பெடுக்க ஆளா இல்லை? சாவுக்குருவியைத் திட்டிய தாயின் மகன் இருக்கிறார். தமிழிலேயே எடுப்பார். அவருக்கும் வயதாகிறது, அதுதான் அவசரம்.

வரும் மார்ச்சில் தஞ்சோங் துவான் போகிறவர்கள் தொப்பி, தண்ணீரோடு காலை 10 மணிக்கே போய்விடுங்கள்; வெயில் ஏறியபிறகுதான் பருந்துகள் வரும். வேறொரு நாள் கோலா கிளாவாங் வந்தால் இருட்டும் வரை இருங்கள். செம்பனை ஓரச் சாலையில் காரை நிறுத்தி விளக்கை அணைத்து, பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பேசாமலிருக்கச் சொல்லுங்கள். வெள்ளையாக ஒன்று, சிறகடிக்கும் சத்தமே இல்லாமல், வரிசைகளுக்கு நடுவே தாழ்ந்து போனால் அது கூகை.