இணைப்பில் இருக்கிறது வலிமை

திருவள்ளூரிலிருந்து திருத்தணி செல்லும் சாலையில் அமைந்த பழம்பதி திருப்பாச்சூர். அப்பரும் சம்பந்தரும் பாடிய வாசீசுவரர் திருக்கோயில் இங்குள்ளது. 'பாசு' என்றால் மூங்கில். மூங்கில் அடர்ந்த இடமாதலின் பாசூர் எனப் பெயர் பெற்றது என்பர். உள்ளே வெற்றிடமாயினும் பெரும்பாரம் தாங்குவது மூங்கில். மிதிவண்டிக் குழாயின் வலிமையும் அத்தகையதே. இதனை நாம் ஏட்டில் கற்கவில்லை; வீட்டுத் திண்ணையில் வாளும் அரமும் பிடித்தே கற்றோம்.

நமது அத்தா துணி வணிகர். கடை ஏதும் கிடையாது. மிதிவண்டியின் பின்னே மூட்டை கட்டி, சுற்றுவட்டச் சிற்றூர்களில் வீடுவீடாக விற்றவர். நாம் பெற்ற ஆய்வியல் நிறைஞர் பட்டம் அவர் கால்கள் ஈட்டியது. எழுபதைக் கடந்தபின் மூட்டுவலி வந்தது. காலைத் தூக்கி மேற்குழாயைத் தாண்ட இயலவில்லை. வீட்டில் அமரவும் உள்ளம் ஒப்பவில்லை. கடைகளில் நாம் கண்ட தாழ்வான வண்டிகளோ மூட்டையையும் பேட்டரியையும் ஒருசேரத் தாங்குவனவாய் இல்லை. எனவே நாமே பிரேம் அமைத்து, பின்சக்கரத்தில் மின்மோட்டார் பொருத்தத் துணிந்தோம்.

அது 2022ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை. பழைய வண்டியின் மேற்குழாயை அறுத்தெடுத்தோம். கீழ்க்குழாய் ஒன்றே போதும் என எண்ணினோம். ஒரே நாளில் வண்டி ஆயத்தமாயிற்று, நமக்கோ பெருமிதம். எட்டாம் நாள், மூட்டையோடு திரும்பிய அத்தா வேகத்தடையில் ஏறி இறங்குகையில், தலைக்குழாயை ஒட்டிய இணைப்பு பிளந்தது. முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று, அல்லாஹ் காத்தான். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "அளக்காம வெட்டின துணிக்கு ஊசி என்ன செய்யும், தம்பி?" என்று மட்டும் கேட்டார். அன்றிரவு நமக்கு உறக்கமில்லை.

அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பெற்றது; ஆவடியில் 1955இல் குழாய் ஆலை எழுந்தது. இத்தகைய ஆலைகளுக்கு ரயிலேறிச் சென்று உழைத்தோர் நம் பகுதியில் உண்டு. அவர்களுள் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் சென்று பிளந்த பிரேமைக் காட்டினோம். "முக்கோணத்தை உடைச்சிட்டீங்களே, சார்" என்றார் அவர். இங்கிலாந்தில் ஸ்டார்லி 1885இல் ரோவர் மிதிவண்டியை உருவாக்கினார். அதன் வழியில் வந்த பிரேம்கள் முக்கோணத்தையே அடிப்படையாகக் கொண்டன. மூன்று பக்கமும் நிலைத்திருக்கும்வரை முக்கோணம் உருமாறாது. ஒரு பக்கத்தை நீக்கினால் பாரமெல்லாம் மூலையில் இறங்கும். நாம் அறுத்தது அந்த ஒரு பக்கத்தையே!

அவர் காட்டிய வழியில் மீண்டும் தொடங்கினோம். தலைக்குழாயிலிருந்து பின்சக்கர அச்சுவரை, இருக்கைக் குழாயின் இருபுறமும் தழுவிச் செல்லுமாறு மெல்லிய குழாய்கள் இரண்டைச் சரிவாக அமைத்தோம். குழாயின் முனையில் காகிதம் சுற்றி வளைவை வரைந்தோம். அரைவட்ட அரத்தால், இடுக்கில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு ராவினோம். பின்பு நூல் சோதனை. பின்னச்சின் ஒருபுறத்தில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி மறுபுறத்துக்குக் கொணர்ந்து, இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபக்கமும் அளந்தோம். நான்கு மில்லிமீட்டர் வேறுபாடு! நூலின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் அத்தாவே. வேறுபாடு தீர்ந்த பின்னரே பட்டறையில் பித்தளை கொண்டு பற்றவைத்தோம். ஆறியபின் மறுபடியும் அளந்தோம். மூன்று வாரம் ஆயிற்று. மோட்டாரையும் சட்டம் வகுத்த 250 வாட், 25 கிலோமீட்டர் வேக எல்லைக்குள் நிறுத்தினோம்.

நிலைமொழியும் வருமொழியும் சேருமிடத்துத் தோன்றல், திரிதல், கெடுதல் என விகாரம் மூன்று என ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். இரும்போடு இரும்பு சேருமிடத்தும் வெப்பத்தால் திரிதல் உண்டு; அதனைக் கருதாதவனுக்குக் கெடுதலும் உண்டு. தாவூது நபி (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கித் தந்த இறைவன், கவச வளையங்களை அளவோடு இணைக்குமாறும் பணித்தான் என்பதைத் திருக்குர்ஆனின் ஸபா அத்தியாயத்தில் பலமுறை ஓதியிருக்கிறோம். 'அளவோடு' என்பதன் பொருள் அத்தா விழுந்த அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

மாணவச் செல்வங்களே! கைத்தொழிலை ஏட்டுக் கல்விக்குக் கீழாக எண்ணாதீர்கள். நாம் செய்யும் ஒவ்வொன்றின் மீதும் யாரோ ஒருவர் நம்மை நம்பி ஏறி அமர்கிறார். அத்தா இன்றும் மாலை வேளைகளில் சிறு மூட்டையோடு ஊரைச் சுற்றி வருகிறார். அவர் திரும்பியதும் நாம் முதலில் தடவிப் பார்ப்பது அந்த இணைப்பைத்தான்.