சத்தியவேட்டில் மூன்று 'பெரிய'

ஊத்துக்கோட்டையைத் தாண்டி மாநில எல்லையைக் கடந்ததும் பெயர்ப் பலகைகள் தெலுங்குக்கு மாறிவிடுகின்றன. காதில் விழும் பேச்சில் மட்டும் தமிழ் தொடர்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர் சத்தியவேடு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்கு இது ஆந்திரத்துக்குப் போனது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டம். 2022 முதல் திருப்பதி மாவட்டம்.

அம்மாவின் அக்கா இங்கே ஒரு வீட்டில் பெரியம்மா, அடுத்த வீட்டில் பெத்தம்மா. தெலுங்கில் 'பெத்த' என்றால் பெரிய. அதையே தமிழ் எழுத்தில் எழுதினால், வெளியூர்க்காரர் பெற்ற தாய் என்று நினைத்துக்கொள்வார். உள்ளூர்க்காரர்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை.

பக்கத்திலேயே மூன்றாவது 'பெரிய' ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. 2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில் நகரம் சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் பரவிக் கிடக்கிறது. அங்கே பிரெஞ்சு நிறுவனமான அல்ஸ்தோம் மெட்ரோ ரயில்களைத் தயாரிக்கிறது. சென்னை மெட்ரோ முதலில் வாங்கிய 42 ரயில்களில் 33 இங்கே உருவானவை. பிரெஞ்சு பேசும் கனடிய நகரமான மான்ட்ரியலில் 2023 ஜூலையில் ஓடத் தொடங்கிய ரயில்களும் இங்கிருந்து கப்பலேறியவைதான்.

பிரெஞ்சில் பெரிய என்பதற்கு 'கிரான்'. கல்யாணம் கிராண்டாக நடந்தது என்கிறோமே, அதே சொல்தான். பிரெஞ்சுக்காரர்கள் கடைசி 'ட்'டை விழுங்கிவிடுவார்கள். பாட்டியை அவர்கள் அழைப்பது 'கிரான்மேர்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் பெரிய அம்மா! அண்ணன் 'கிரான் ஃப்ரேர்', பெரிய சகோதரன். உறவில் மூத்தவரைப் பெரியவராக்கும் வழக்கம் மூன்று மொழிக்கும் பொது.

வித்தியாசம் ஓரிடத்தில் வருகிறது. ஒருவரைச் சொல்லும்போது 'கிரான்' முன்னால் வந்தால் அவர் மாமனிதர். பின்னால் வந்தால் வெறும் உயரமான ஆள். தமிழிலும் தெலுங்கிலும் அந்தச் சொல்லுக்கு முன்னிடம் மட்டுமே. 'பெரிய மனுஷன்' என்பது மரியாதையா கிண்டலா என்பதைச் சொல்பவரின் குரலில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தக் குரல் சத்தியவேட்டில் இன்னும் இருக்கிறது. எழுத்து அப்படியில்லை. வீட்டில் தமிழ் பேசும் பல பிள்ளைகள் பள்ளியில் எழுதப் பழகுவது தெலுங்கு. பெரியம்மா என்று வாய் நிறையக் கூப்பிடும் பிள்ளைக்கு அதைத் தமிழில் எழுதத் தெரியாமல் போகலாம். மான்ட்ரியலுக்கு ரயில் அனுப்பும் வட்டாரத்தில் இது சின்ன விஷயமாகத் தோன்றக்கூடும். 'சின்ன' என்ற சொல்லுக்கு மட்டும் இங்கே மொழிபெயர்ப்பு தேவையில்லை. தமிழிலும் தெலுங்கிலும் அது ஒன்றேதான்.