அடுப்பின் காவலன்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடந்து புதுச்சேரி நோக்கிச் செல்வோருக்கு அனுமந்தை என்பது சாலையோரத்துப் பெயர்ப்பலகை ஒன்றுதான். அங்கே குடியிருக்கும் எங்களுக்கோ அது உப்புக் காற்றின் ஊர். மரக்காணத்து உப்பளங்களில் வெயிலோடு சேர்ந்து உவர்நீரை உப்பாக்கி, பல குடும்பங்களுக்குச் சோறிடும் அதே காற்றுதான் எங்கள் வீட்டுச் சன்னல் கம்பியையும் கதவுக் கீலையும் மிதிவண்டிச் சங்கிலியையும் ஓசையின்றித் தின்றுகொண்டிருக்கிறது. அது எங்கள் எரிவாயு ஓவனையும் விட்டுவைக்கவில்லை.

அந்த ஓவன் என் மைத்துனர் வளைகுடா நாட்டில் பணியாற்றித் திரும்பியபோது கொண்டுவந்தது. மேலே நான்கு அடுப்புகள். கீழே கேக் வேகும் அறை. அதன் பின்சுவரில் வெப்பத்தை எங்கும் பரப்பும் ஒரு சிறு விசிறி. ஆண்டு முழுவதும் உறங்கும் அது டிசம்பர் மாதத்தில் மட்டும் விழித்தெழும். உறவினர்க்கும் அண்டை வீட்டார்க்கும் கிறிஸ்து பிறப்பு விழாக் கேக் எங்கள் வீட்டிலிருந்துதான் செல்ல வேண்டும் என்பது என் துணைவியாரின் நெடுநாளைய பிடிவாதம்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மழையும் காற்றும் ஓய்ந்து வீட்டைத் துப்புரவு செய்து முடித்த பின் ஓவனைப் பற்றவைத்தோம். குமிழை அழுத்திப் பிடித்திருக்கும்வரை சுடர் எரிந்தது. விரலை எடுத்ததும் அணைந்தது. பத்து முறை முயன்றும் அதே கதைதான். சிலிண்டரை மாற்றினேன், ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டினேன், ரப்பர்க் குழாயைச் சோதித்தேன். பயனில்லை.

முப்பது ஆண்டுகள் பள்ளியில் அறிவியல் கற்பித்தவன் என்ற செருக்கு எனக்கு உண்டு. விரல் அழுத்தினால் எரிகிறது, விட்டால் அணைகிறது என்றால், விரலுக்குப் பதிலாக வேறொன்று அழுத்திக்கொண்டிருந்தால் போதுமே! துணி காயப்போடும் மரக்கவ்வி ஒன்றைச் சீவிக் குமிழுக்கு முட்டுக் கொடுத்தேன். சுடர் நின்று எரிந்தது. “பார்த்தாயா?” என்று துணைவியாரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அன்று மாலை கேக் வெந்துகொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. இருட்டில் ஓவனின் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சற்று வேகமாகச் சாத்தினேன். பிறகு கூடத்துக்கு வந்து, மாதா படத்தின் முன்னுள்ள மெழுகுவர்த்தியை ஏற்றத் தீப்பெட்டியைத் தேடி எடுத்தேன். குச்சியைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. “என்னங்க, உரசாதீங்க! வாடை வருது!”

கதவு சாத்திய வேகத்தில் உள்ளே சுடர் அணைந்திருந்தது. கவ்வியோ தன் வேலையைத் தவறாமல் செய்துகொண்டிருந்தது. வாயு தடையின்றி வெளிவந்துகொண்டிருந்தது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. மேலெழுந்து கலையாமல் தரையோடு தவழ்ந்து தாழ்ந்த இடங்களில் தேங்கும். இயற்கையில் அதற்கு மணம் இல்லை. கசிவை உணர்த்தவே மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அந்த நாற்றம்தான் எங்களைக் காப்பாற்றியது. சிலிண்டரை மூடினோம், எந்த மின்விசையையும் தொடாமல் கதவு, சன்னல்களைத் திறந்துவிட்டு முற்றத்தில் நின்றோம். துணைவியார் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிதும் சுட்டது.

மறுநாள் புதுச்சேரியிலிருந்து பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் வந்தார். குமிழருகே கிடந்த கவ்வியை எடுத்துப் பார்த்துவிட்டு, “சார், ஓவன் கெட்டுப்போகல. அது உங்களைக் காப்பாத்தத்தான் அணைஞ்சிருக்கு” என்றார்.

பர்னரின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த விரல்நீள உலோக முனையைக் காட்டினார். வகுப்பறையில் எத்தனையோ முறை நான் கரும்பலகையில் வரைந்த வெப்ப மின்னிரட்டைதான் அது. இருவேறு உலோகங்களை இணைத்து இணைப்பைச் சூடாக்கினால் மின்னோட்டம் பிறக்கும் என்பதை 1821இல் சீபெக் கண்டறிந்தார். சுடரில் காயும் அந்த முனை ஒரு வோல்ட்டில் நூறில் இரண்டு மூன்று பங்கே தரும். அந்த அற்ப மின்சாரம் ஒரு சிறு மின்காந்தத்தை உயிர்ப்பித்து, வாயுவின் வால்வைத் திறந்து பிடித்திருக்கும். சுடர் அணைந்தால் முனை குளிரும். வால்வு தானே மூடிக்கொள்ளும். எங்கள் ஓவனில் முனைமேல் உப்பும் துருவும் படிந்து வெப்பம் உறைக்கவில்லை. நெருப்பு இருப்பதை அறிய இயலாத காவலன், ஐயத்தின் பேரில் கதவை அடைத்தான். நானோ அந்தக் காவலனின் கையைக் கட்டிவிட்டு, பழுதை நீக்கியதாக மகிழ்ந்தேன்.

இளைஞர் உப்புத்தாளால் முனையை மெல்லத் தேய்த்தார். அதன் மறுமுனையை வால்வில் இறுக்கினார். சுடரின் நடுவே படுமாறு நிறுத்தினார். துருவேறி இறுகியிருந்த விசிறியின் அச்சையும் துடைத்து எண்ணெயிட்டார். வேலை அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

மேலடுப்புகளில் நீலச் சுடரினூடே மஞ்சள் கீற்றுகள் தெரிவதையும் அவரிடம் கேட்டேன். மஞ்சளுக்குக் காரணம் இரண்டு. காற்று போதாமல் வாயு அரைகுறையாக எரிந்தால் சுடர் மஞ்சளாகும். பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு நஞ்சும் உண்டாகும். காற்றில் மிதக்கும் உப்புத் துகள் சுடரில் பட்டாலும் அதிலுள்ள சோடியம் மஞ்சளாய் ஒளிரும், அதனால் தீங்கில்லை. பளபளப்பான எவர்சில்வர் தட்டொன்றைச் சுடர்மேல் பிடித்தார். கரி படியவில்லை. எங்கள் ஊர்க் காற்றுதான் அடுப்பில் வந்து முகம் காட்டியிருக்கிறது! 1860 வாக்கில் புன்சனும் கிர்க்காஃபும் சுடரின் நிறமாலையை ஆராய்ந்தபோது, கண்ணுக்குத் தெரியாத உப்பும் இப்படித்தான் தன்னைக் காட்டிக்கொண்டது.

வாசகர்களே, நம்மைத் தடுப்பவை எல்லாம் நமக்குப் பகையாகவே தோன்றுகின்றன. காய்ச்சலை மாத்திரையால் அமுக்குகிறோம். வீட்டில் எதிர்த்துப் பேசும் பிள்ளையை அதட்டி அடக்குகிறோம். உள்ளத்தில் உறுத்தும் மனச்சான்றுக்கும் ஒரு கவ்வியைத் தேடிக்கொள்கிறோம். ஏன் தடுக்கிறது என்று கேட்கும் பொறுமை நமக்கு இருப்பதில்லை. அன்று நான் அதைக் கேட்டிருந்தால் ஓர் உப்புத்தாளோடு காரியம் முடிந்திருக்கும்.

இப்போது டிசம்பர் பிறந்ததும் அந்த முனையைத் துடைப்பதே என் முதல் வேலை. எரிவாயுக் கசிவுக்கான அவசர உதவி எண் 1906ஐச் சமையலறைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். சீவப்பட்ட அந்த மரக்கவ்வியை என் துணைவியார் எறிந்துவிடவில்லை. கொடியில் மற்றக் கவ்விகளோடு அதுவும் துணிகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.