வாளைக் கழற்றிய வீரர்

படைவீரன் என்றதும் வாளும் வேலும் வெற்றி முரசும் மனக்கண்முன் வந்து நிற்பது இயல்பு. தமிழர் மரபில் வீரத்திற்குத் தனி இடம் உண்டு. களத்தில் வீழ்ந்தவனுக்குக் கல் நாட்டி வழிபட்ட இனம் இது. திருவள்ளுவரும் படையைப் பற்றி இரண்டு அதிகாரங்கள் வகுத்துள்ளார். ஆயினும் ஒரு வீரனுடைய வாழ்வில் போர் நிகழும் நாட்கள் சிலவே. எஞ்சிய நாட்களில் அவன் என்ன செய்கிறான்? காவல் நிற்கிறான், பயிற்சி பெறுகிறான், கட்டளைக்குக் காத்திருக்கிறான். வீட்டின் நினைவும் விளைநிலத்தின் நினைவும் அவனை வந்து வந்து அழைக்கின்றன. அவற்றுள் தீயது ஒன்றும் இல்லை. எனினும் அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே நிற்கிறான். வீரத்தின் பெரும்பகுதி இந்த நிலைபேற்றிலேயே அடங்கியுள்ளது எனலாம்.

கிறித்தவ வாழ்வுக்குப் படைவீரன் உவமையானதும் இக்காரணம் பற்றியே. பவுல் அடிகளாரின் பெயரால் வழங்கும், தீமோத்தேயுவுக்கு எழுதப்பெற்ற இரண்டாம் திருமுகத்தில் மூன்று உவமைகள் அடுத்தடுத்து வருகின்றன. படைவீரன், விளையாட்டுக் களத்தில் போட்டியிடுவோன், உழவன் என்போர் அம்மூவர். படைவீரனைக் கூறுமிடத்தில் அவனுடைய வலிமை பேசப்படவில்லை, வெற்றியும் பேசப்படவில்லை. பிழைப்புக்குரிய அலுவல்களில் அவன் சிக்கிக்கொள்வதில்லை என்பதும், தன்னைப் படையிற் சேர்த்தவனுக்கு உகந்தவனாக இருப்பதே அவன் நாட்டம் என்பதுமே பேசப்படுகின்றன.

அத்திருமுகத்தை அந்நாளில் கேட்டோர் உரோமைப் பேரரசின் வீரரை நேரில் கண்டவர்கள். அவ்வீரன் படையிற் சேரும்போது தலைவனுக்கு உண்மையாயிருப்பதாக ஆணையிட்டான். ஏறத்தாழ 25 ஆண்டுகள் பணியாற்றினான். அக்காலம் முழுவதும் சட்டப்படி மணம் செய்துகொள்ளும் உரிமை அவனுக்கு இல்லை. அவன் இட்ட ஆணைக்கு இலத்தீனில் ‘சாக்ரமெந்தும்’ என்று பெயர். திருமுழுக்கு முதலிய திருச்சடங்குகளைக் குறிப்பதற்குக் கிறித்தவர்கள் பின்னாளில் அந்தச் சொல்லையே எடுத்தாண்டனர். பாசறையின் சொல் கோயிலின் சொல்லாயிற்று.

உவமை சொல்வது எளிது. அதனை வாழ்ந்து காட்டுவது அரிது. படைவீரராகவும் பின்னர் இறைவனின் ஊழியராகவும் வாழ்ந்த ஒருவரின் வரலாறு இவ்வுவமையின் ஆழத்தை நன்கு விளக்கும். அவர், 1491ஆம் ஆண்டில் பிறந்த லொயோலா இஞ்ஞாசியார்.

இளமையில் அவருக்குப் புகழின் மீது தீராத வேட்கை இருந்தது. 1521ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள், பம்பலோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியது. கோட்டையை ஒப்படைத்துவிடலாம் என்று மற்றவர்கள் எண்ணியபோது, இறுதிவரை போராட வேண்டும் என்று வற்புறுத்தியவர் இஞ்ஞாசியாரே. பீரங்கிக் குண்டு அவர் காலை நொறுக்கியது. பகைவரே அவருடைய வீரத்தை மதித்து, அவரைத் தம் இல்லம் சேரச் செய்தனர். எலும்பு கோணலாகக் கூடியதால் காலை மீண்டும் முறித்துச் சேர்த்தார்கள். அப்போதும் ஓர் எலும்பு புடைத்து நின்றது. அழகிய காலணி அணிய அது தடையாகும் என்பதற்காக, மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில், அதனையும் அறுத்தெடுக்கச் சொன்னார். தோற்றப் பொலிவுக்காக இவ்வளவு துன்பம் தாங்கியவர் அவர்!

படுக்கையில் கிடந்தபோது வீரக் கதைகளைப் படிக்கக் கேட்டார். வீட்டில் அவை இல்லை. இயேசு பெருமானின் வரலாறும் அடியார்களின் வரலாறுகளும் கிடைத்தன. வேறு வழியின்றி அவற்றைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் உள்ளத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. அரசவைப் பெருமைகளை எண்ணும்போது இனித்தது. எண்ணி முடித்தபின் உள்ளம் வறண்டது. அடியார்களைப் போல வாழ நினைத்தபோதோ, நினைவு நீங்கிய பின்னரும் மகிழ்ச்சி நிலைத்தது. எந்தத் தலைவனுக்குப் பணிசெய்ய வேண்டும் என்பதை அந்த வேறுபாடே அவருக்கு உணர்த்தியது.

தலைவன் மாறியவுடன் வீரனும் மாறிவிடுவதில்லை. உடல் தேறி, மொன்செராத் மலைக்குச் செல்லும் வழியில், மூர் இனத்தவர் ஒருவரோடு அவர் உரையாட நேர்ந்தது. அன்னை மரியாளின் கன்னிமையைப் பற்றி அவர் மாறுபட்டுப் பேசிவிட்டுத் தம் வழியே விரைந்து சென்றுவிட்டார். இஞ்ஞாசியாருக்குச் சினம் மூண்டது. பின்தொடர்ந்து சென்று குறுவாளால் குத்திவிடலாமா என்று எண்ணினார். துணிய முடியாமல், தாம் ஏறியிருந்த கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்தி, முடிவை அதனிடமே விட்டுவிட்டார். அம்மனிதர் சென்ற ஊருக்குப் போகும் பாதை அகலமானது; எளியது. ஆயினும் விலங்கு மற்றொரு பாதையில் நடந்தது. ஓர் உயிர் தப்பியது. ஒருவருடைய வாழ்வும் தப்பியது.

இந்நிகழ்ச்சி சிந்திக்கத் தக்கது. ஒருமுகப்பட்ட உள்ளம் என்பது தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. அன்பில்லாத உறுதி கையிலுள்ள கத்தியைப் போன்றது. எவர் மீது பாயும் என்று சொல்ல முடியாது. சமயத்தின் பெயரால் வாளேந்தியவர்களிடம் உறுதிக்குப் பஞ்சம் இருந்ததில்லை. படைவீரன் என்னும் உவமையை உவமையாகக் கொள்ளாமல் உண்மையாகவே கொண்டதுதான் அவர்கள் செய்த பிழை. இஞ்ஞாசியார் 1522ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மொன்செராத் திருக்கோயிலில் வாளையும் குறுவாளையும் பலிபீடத்தருகே விட்டு, இரவெல்லாம் விழித்திருந்து வேண்டினார். வாள் நீங்கியது, வீரனின் உறுதி மட்டும் எஞ்சியது.

அந்த உறுதிக்குரிய உண்மையான சோதனை போர்க்களத்தில் வரவில்லை; பள்ளியில் வந்தது. பிறருக்குத் தொண்டாற்றக் கல்வி வேண்டும் என்று உணர்ந்த அவர், தம் 33ஆம் வயதில் பார்சலோனா நகரில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார். கோட்டையைக் காத்தவர் வேற்றுமை உருபுகளை மனனம் செய்ய வேண்டியதாயிற்று. பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம் இறைவனைப் பற்றிய இனிய எண்ணங்கள் வந்து அவர் உள்ளத்தை நிறைத்தன. பாடம் மனத்தில் தங்கவில்லை. வேண்டுதலில் ஈடுபடும்போதுகூட வாராத இன்பம், இலக்கண நூலை விரித்ததும் வந்தது! முதலில் அவர் மகிழ்ந்திருக்கலாம். சிறிது சிறிதாக அவருக்கு ஐயம் பிறந்தது. செய்ய வேண்டிய கடமையிலிருந்து இழுத்துச் செல்லும் இனிமை, எத்துணைத் தூயதாகத் தோன்றினும் அது சோதனையே என்று தெளிந்தார். ஆசிரியரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று அனைத்தையும் எடுத்துரைத்தார். உயிர் வாழ்வதற்கு அப்பமும் தண்ணீரும் கிடைக்கும் வரையில், இரண்டு ஆண்டுகள் பாடத்தைத் தவறாமல் கேட்பதாக உறுதியளித்தார். அதன்பின் அந்தத் தொல்லை அவரை விட்டு நீங்கியது.

பிழைப்புக்குரிய அலுவல்களில் சிக்காதிருப்பது முதற்படி. தீயவற்றை விலக்குவது எவருக்கும் புரியும். நல்லனவற்றுள்ளும் இப்போதைக்கு உரியது எது என்று தெரிந்து, மற்றதை விலக்குவதே அருஞ்செயல். காவல் நிற்க வேண்டிய வீரன், தலைவனின் புகழைப் பாடிக்கொண்டு உறங்கிவிட்டால், அந்தப் பாட்டு பணியாகுமா?

பிற்காலத்தில் அவர் பாரிசில் பயின்றபோது, ஒரே அறையில் உடன் தங்கியவருள் ஒருவர் பிரான்சிசு சவேரியார். பம்பலோனாவில் இஞ்ஞாசியார் எந்தப் படையை எதிர்த்துப் போரிட்டாரோ, அதன் பக்கம் நின்றவர்கள் சவேரியாரின் தமையன்மார். பகைமை மறைந்து, 1534ஆம் ஆண்டில் இருவரும் வேறு ஐவரும் சேர்ந்து வாக்குறுதி எடுத்தனர். அவர்கள் அமைத்த இயேசு சபை 1540ஆம் ஆண்டில் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றது. சவேரியார் 1542ஆம் ஆண்டில் கோவாவை அடைந்து, பின்னர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கே மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனனம் செய்து, தெருத்தெருவாக மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். 1545ஆம் ஆண்டில் மலாக்காவுக்கும் வந்தார். 1552ஆம் ஆண்டில் சீனக் கரையை அடுத்த தீவொன்றில் உயிர் நீத்தார். அவருடைய உடல் கோவாவுக்குக் கொண்டு செல்லப்படுமுன் மலாக்காக் குன்றின்மேல் உள்ள கோயிலில் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. வெறுமையான அக்குழியை இன்றும் அங்கே காணலாம்.

சவேரியார் கடல் பல கடந்தார். இஞ்ஞாசியாரோ தம் இறுதி 15 ஆண்டுகளையும் பெரும்பாலும் உரோமை நகரில் மேசை முன்னே கழித்தார். ஆயிரக்கணக்கான மடல்களை எழுதியும் எழுதுவித்தும் சபையை நடத்தி, 1556ஆம் ஆண்டில் மறைந்தார். ஒருவருக்கு அலைகடல், மற்றவருக்கு எழுதுகோல். பணி வேறு, பணிவு ஒன்றே. எந்தப் பணி பெரிது என்று வீரன் கேட்பதில்லை.

வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்கும், நூலை விரித்து அமர்ந்திருக்கும் மாணவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. உயர்ந்த கனவுகள் வேண்டும். ஆனால் அக்கனவுகளே இன்றைய பாடத்தைத் தின்றுவிடலாகாது. பார்சலோனாவில் சிறுவர்களிடையே அமர்ந்து வேற்றுமை உருபுகளை உருப்போட்ட அந்த முப்பத்து மூன்று வயது மாணவர், பம்பலோனாவில் வாளேந்தி நின்ற நாளைவிட அன்றுதான் சிறந்த வீரராய் விளங்கினார்.